கொலோன் டு ஃபிராங்க்ஃபர்ட்: ஐசிஇ-யா, ரைன் கரை ரீஜனலா?

ஐசிஇன்னா அதிவேக டிரெயின், ரீஜனல்னா ரைன் ஆத்தங்கரையோரமா போற லோக்கல் டிரெயின். ஜெர்மனி போறவங்க நிறைய பேர் இதுலதான் குழம்பறாங்க.

நேரம்: ஐசிஇ 2002ல திறந்த ஹைஸ்பீடு லைன்ல 300 கிமீ வேகத்துல போகும், ஒரு மணி நேரம் சொச்சம்தான். ரீஜனல்ல கோப்லென்ஸ், மைன்ஸ்னு சுத்தி மூணு மணி நேரம் பக்கம் ஆயிடும்.

காசு: ஐசிஇ கடைசி நேரத்துல எடுத்தா பர்ஸ் காலி, முன்னாடியே எடுத்தா சீப், ஆனா அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். ரீஜனலுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும், 2026ல மாசம் 63 யூரோ, நாடு முழுக்க லோக்கல் டிரெயின், பஸ் எல்லாம் அதுலயே அடக்கம், ஆனா இது சந்தாங்க, 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ண மறந்தா அடுத்த மாசக் காசும் போச்சு.

வேடிக்கை: ஐசிஇல சுரங்கமும் ஆட்டோபான்ங்கிற நெடுஞ்சாலையும்தான். ரீஜனல்ல கோப்லென்ஸ் தாண்டினதும் இடது பக்க ஜன்னலைப் புடிச்சுக்கோங்க, கையெட்டுற தூரத்துல ஆறு, சரக்குப் படகு, எதிர்க்கரையில திராட்சைத் தோட்டம், கோட்டை மேல கோட்டை, அப்புறம் ஆத்தோரமா நிக்கிற, பேர் போன லோரலை பாறை.

ஃபிளைட் புடிக்கணும்னா யோசிக்காம ஐசிஇ, ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்லயே நிக்கும். ஒரு நாள் சும்மா இருக்கா, ரீஜனல்தான், பெரிய பெட்டி மட்டும் வேணாம்.