ஆழமான மனத் தெரபி: நீண்ட நாள் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலை ஓடுகிறது, தூக்கமும் வருகிறது. ஆனாலும் எந்த ஆபீஸ் மாறினாலும் மேலதிகாரியோடு அதே மனக்கசப்பு, எந்த உறவிலும் அதே கட்டத்தில் விலகல். ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு உகந்தது சைக்கோடைனமிக் தெரபி. இது ஃப்ராய்டு தொடங்கிய பேச்சுச் சிகிச்சையான உளப்பகுப்பாய்வின் வழிவந்தது. முழு உளப்பகுப்பாய்வில் சோபாவில் படுத்து வாரம் நாலைந்து நாள் பேச வேண்டும். இதில் எதிரெதிரே உட்கார்ந்து வாரம் ஒன்றோ இரண்டோ அமர்வுதான். ஒவ்வொன்றும் 45 முதல் 50 நிமிடம்.

திரும்பத் திரும்பக் கை கழுவுவது, லிஃப்ட் பயம் போன்றவற்றுக்கு இது முதல் தேர்வு அல்ல. எண்ணத்தையும் பழக்கத்தையும் நேரடியாக மாற்றப் பழக்கும் சிபிடி வகைச் சிகிச்சை அவற்றைக் குறைந்த அமர்வுகளில் சரிசெய்ய உதவும். தற்கொலை எண்ணம் இருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள். நடுராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். சோர்வுதான் முக்கியப் புகார் என்றால் தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது சரிதான், ஆனால் போதாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணிபுரியத் தகுதி உண்டு என்பதை மட்டும்தான் அது காட்டும். சைக்கோடைனமிக் பயிற்சி எங்கே எடுத்தீர்கள், உங்கள் கேஸ்களைச் சீனியரோடு அலச சூப்பர்விஷன் போகிறீர்களா, நீங்களே தெரபிக்குப் போயிருக்கிறீர்களா என்று மூன்றையும் நேராகவே கேட்கலாம். நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு, மூன்று அமர்வு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்த மொழியில் வீட்டில் திட்டு வாங்கி வளர்ந்தோமோ அந்த மொழி தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஆங்கிலத்தில் சரளமாக விவரித்துவிடுகிற விஷயம் தமிழில் சொல்லும்போதுதான் தொண்டையை அடைக்கும்.

செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். அமர்வுக்கு 1,500 ரூபாய் என்றால், விடுமுறை வாரங்கள் போக வருடத்துக்கு 45 அமர்வு, 67,500 ரூபாய். கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்; பலர் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

முதல் இரண்டு மாதம் பேசித் தீர்த்த நிம்மதி இருக்கும். மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் அது வடிந்துவிடும். சொன்னதையே சொல்கிறோம், இவர் ஒன்றும் சொல்வதில்லை, காசுக்குக் கேடு என்று தோன்றும். நிறையப் பேர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். என் கணிப்பில் உண்மையான வேலை ஆரம்பிப்பதும் இங்கேதான். வெளியே எல்லாரிடமும் நடப்பது இப்போது அந்த அறைக்குள்ளும் நடக்க ஆரம்பித்திருக்கிறது. பத்து நிமிடம் தாமதமாக வருவது, கட்டணம் தர மறப்பது, தெரபிஸ்ட் லீவு சொன்ன மறுவாரம் தானும் வராமல் இருப்பது, 'மேடம்' என்றவர் திடீரென 'அக்கா' என்பது, எல்லாமே பேச வேண்டிய விஷயங்கள். "போன வாரம் நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க, எனக்கு எரிச்சலா இருந்துச்சு" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் சொல்ல முடியாமல் விழுங்கியது, அதற்கு முன் அப்பாவிடம் விழுங்கியது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் வரிசையாக வரும். பழைய உறவுகளின் உணர்வு இப்படித் தெரபிஸ்ட் மேல் திரும்புவதை ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்பார்கள். வாட்ஸ்அப்பில் "இனி வரவில்லை" என்று அனுப்பிவிட்டால் அத்தனையும் கைநழுவிவிடும்.

இன்னொன்று, 48-வது நிமிடம். எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்புறம், அம்மாவுக்கு ஆபரேஷன்" என்று சொல்கிறவர்கள் பலர். தெரபிஸ்ட் நேரத்தை நீட்டிக்க மாட்டார். அது கல்மனசு இல்லை. அடுத்த வாரம் முதல் வாக்கியமாக அதையே எடுங்கள். அமர்வு முடிந்ததும் கால் மணி நேரம் சும்மா இருங்கள், உடனே மீட்டிங் வைக்காதீர்கள். ஆன்லைன் என்றால் வீட்டில் யாருக்கும் காது எட்டாத இடம் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு நிறுத்தி வைத்த கார்தான் வசதி.

எரிச்சலைப் பொறுக்கச் சொல்வதற்கு எல்லை உண்டு. தெரபிஸ்ட் உங்களோடு வியாபாரம், நட்பு, உடல் நெருக்கம் எதை ஆரம்பித்தாலும் அன்றே வெளியேறுங்கள். நீங்கள் பேசுவதை அவர் ரகசியமாகக் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை.

பலன் மெதுவாகத்தான் வரும். லண்டனில் உள்ள டாவிஸ்டாக் மனநல மையத்தில், மருந்துக்கும் பிற சிகிச்சைகளுக்கும் மசியாத மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 18 மாதம் இந்தத் தெரபி கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது தெரபி முடிந்த பிறகான காலத்தில்தான். முழுக்கக் குணமானவர்கள் குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அன்றாடத்தில் மாற்றம் சிறிதாகத்தான் தெரியும்: கோபம் வந்த பிறகு புரிந்தது, வரும்போதே புரிய ஆரம்பிக்கும்.

நிறுத்துவதையும் திட்டமிடுங்கள். இரண்டு வருடம் போயிருந்தால் கடைசி அமர்வின் தேதியை இரண்டு மூன்று மாதம் முன்பே குறித்துவிடுங்கள். கடைசி வாரங்களில் பழைய தூக்கமின்மையோ சண்டையோ திரும்பி வரலாம். பிரிவு நெருங்கும்போது அது சகஜம். பயந்துபோய்த் தேதியைத் தள்ளிப்போடாமல், அதையே கொண்டுபோய் அங்கே பேசுங்கள்.