ஐந்து வருடக் கூத்துப் பயிற்சி: என் மகளிடம் நான் பார்த்தது

பிள்ளையைத் தெருக்கூத்து வகுப்பில் சேர்க்கலாமா என்று பல பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். முதல் வருடமே கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். இந்தப் பங்குனியோடு ஐந்து வருடம் முடிகிறது, இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

சென்னையிலிருந்து செய்யாறுக்கு மாற்றலாகி வந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. புதுப் பள்ளியில் வாயே திறக்கவில்லை. பாடம் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், சத்தம் வராது. பக்கத்து ஊரில் ஒரு கூத்து வாத்தியார் சனி, ஞாயிறில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பால் ஊற்றும் அக்காதான் சொன்னார்.

போன முதல் நாள் அவளைப் பாடவும் சொல்லவில்லை, ஆடவும் சொல்லவில்லை. “பின்னாடி போய் நில்லும்மா. அண்ணன் பாடறத வாங்கிப் பாடு, போதும்” என்றார் வாத்தியார். அதுதான் பின்பாட்டு. வேஷம் கட்டியவர் ஓர் அடியைப் பாடியதும், பின்னால் இருப்பவர்கள் அதை அப்படியே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஆடிக்கொண்டே பாடுகிறவருக்கு மூச்சு விட அந்த நேரம்தான் உண்டு. நாலைந்து குரலோடு சேர்ந்து பாடும்போது தன் குரல் தனியாகக் கேட்காது, கூச்சமில்லை. ஆனால் வாங்காமல் விட்டால் முன்னால் ஆடுகிற அண்ணன் திணறிப்போவார். வாயைத் திறக்கப் பயந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஏழு மாதம் அங்கேயேதான் நின்றாள். ஒரு மழை நாளில் பின்பாட்டுக்கு அவளைத் தவிர யாரும் வரவில்லை. முகவீணை என்ற சிறு ஊதுகுழலும் மத்தளமும் நிற்காமல் தொடர, தனியாகவே வாங்கிப் பாடினாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடவு என்கிற ஆட்ட அடிகள், கிறுக்கி என்கிற சுழன்றாடல், திரைக்குப் பின்னால் நின்று பாடியபடி வெளிப்படுவது எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. மூன்றாம் வருடம் அபிமன்யு வேஷம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். தனக்குத்தானே கட்டிக்கொள்ள முடியாது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கட்டிவிடுவார்கள், அரிதாரம் கலைந்தால் சரி செய்துவிடுவார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதப் போரின் கடைசி நாளான பதினெட்டாம் போர்க் கூத்து நடந்த இரவு, ஆறேழு தெருக்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே பாயில் படுத்து விழித்திருந்து, விடிந்ததும், போர்க்களமாகப் பாவிக்கும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைப் பார்க்க ஓடினார்கள். பள்ளியில் ஒருவரோடொருவர் பேசாத பிள்ளைகள் இவர்கள். இப்போது எங்கள் வீட்டுச் சமையலறை வரை வருகிறார்கள், இவளும் அவர்கள் வீடுகளில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். வந்து இரண்டு வருடம் ஊரில் யாரையும் தெரியாமல் இருந்த எனக்கும் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான் முதல் சிநேகிதிகள்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களே நடிக்கும் பாலர் சபை தொடங்கிய காலத்தில், பிள்ளைகள் வீட்டை விட்டு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த என் மாமனார் பயந்தார். சாயங்காலம் பேத்தி வீடு திரும்புவதைப் பார்த்த பிறகுதான் சமாதானமானார். “பொம்பளப் பிள்ளைக்குக் கூத்தா?” என்ற கேள்விக்குத்தான் அதிக நாள் ஆனது. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி வந்த கலை இது. காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து (தெருக்கூத்துக்கு இன்னொரு பெயர்) குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு கூத்து கற்று மேடையேறினார்கள். வாத்தியார் அதைச் சொல்லித்தான் எங்கள் உறவினர்களிடம் பேசினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூத்தின் சுருதி மிக உயரம். இரண்டாம் வருடம் மகளுக்குத் தொண்டை கட்டி, இரண்டு வாரம் பேசவே கூடாது என்றார் மருத்துவர். வாத்தியார் அதை முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. உங்கள் பிள்ளையின் குரல் கரகரத்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். திருவிழா மாதங்களில் வாத்தியாருக்கு இரவெல்லாம் கூத்து, வகுப்பு பாதி நாள் இருக்காது. முழு ஆண்டுத் தேர்வும் அப்போதுதான் வரும். செலவு பெரிதில்லை: மாதம் 500 ரூபாய், ஒரு முறை சலங்கை.

படிப்பு கெடுமா என்று கேட்கிறார்கள். மதிப்பெண் கூடவுமில்லை, குறையவுமில்லை. நீண்ட வசனங்களை மனப்பாடம் செய்யும் பழக்கம் தமிழ்ச் செய்யுளுக்கு உதவியது, கணக்குக்கு உதவவில்லை.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. கூத்தை நிறுத்தச் சொல்லலாமா என்று நானும் என் கணவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்து சொன்னாள்: “அடுத்த வருஷம் வேஷம் வேணாம்மா. சனிக்கிழமை பின்பாட்டுக்கு மட்டும் போயிட்டு வரேன்.” சரி என்றோம்.