80-ஆ, 100-ஆ, 120-ஆ? பழைய டீசல் காருக்கு எந்த வேகம் கட்டுப்படியாகும்

பழைய டீசல் கார் வைத்திருக்கும் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் பேச்சு மைலேஜில்தான் வந்து நிற்கும். "எண்பதைத் தாண்டாதே, எண்ணெய் குடிக்கும்" என்பது ஒரு கட்சி. "டர்போ வண்டியை எண்பதில் உருட்டுவதா? நூறில் போட்டுப் பார், அப்போதுதான் மைலேஜே வரும்" என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி விவாதத்துக்கெல்லாம் வருவதில்லை. 120-ல் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது.

எந்த வேகத்தில் மைலேஜ் அதிகம் என்று மட்டும் கேட்டால் பதில் சுலபம். டாப் கியரில் இன்ஜின் திணறாமல் இழுக்கும் குறைந்த வேகம் எதுவோ, கிட்டத்தட்ட அதுதான். பெரும்பாலான கார்களில் அது 60-க்கும் 70-க்கும் நடுவே வரும். ஆனால் நான்குவழிச் சாலையில் 60-ல் யார் போகப் போகிறார்கள்? அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். வேகமாகப் போனால் நேரம் மிச்சமாகிறது, டீசல் கூடுதலாகச் செலவாகிறது. அப்படி மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன?

கணக்குக்கு நம் சென்னை–திருச்சி சாலையையே எடுத்துக்கொள்கிறேன். பெருங்களத்தூர் தாண்டியதிலிருந்து சமயபுரம் வரை ஏறக்குறைய 300 கி.மீ. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிட மூன்று வண்டிகள்: 1.3 லிட்டர் ஸ்விஃப்ட், பழைய இண்டிகா, 2.5 லிட்டர் இன்னோவா. தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றும் கண்ணில் படுபவை இவைதான். கீழே வரும் மைலேஜ் எண்கள், ஓரளவு நன்றாகப் பராமரித்த வண்டியில் சீரான வேகத்தில் எதிர்பார்க்கக்கூடியவை. உங்கள் வண்டி ஒன்றிரண்டு கூடக் குறையக் காட்டலாம்.

ஸ்விஃப்ட் டீசல் 2007-ல் வந்தது. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜின் சுழற்றும் விசை). அதே இன்ஜின்தான் டிசையர், ரிட்ஸ், புன்ட்டோ, இண்டிகா விஸ்டா என்று ஊர்ப்பட்ட கார்களில் உட்கார்ந்திருந்தது. அதனால் இந்தக் கணக்கு நிறையப் பேருக்குப் பொருந்தும். 80-ல் லிட்டருக்கு 24, 100-ல் 20, 120-ல் 16 என்று கொள்ளலாம்.

80-ல் போனால் 300 கி.மீ.க்கு மூன்றே முக்கால் மணி நேரம், 12.5 லிட்டர். 100-ல் மூன்று மணி நேரம், 15 லிட்டர். ஆக 45 நிமிடம் மிச்சம், 230 ரூபாய் கூடுதல் செலவு. மணிக்கணக்கில் பார்த்தால் மிச்சமாகும் ஒரு மணி நேரத்தின் விலை சுமார் 300 ரூபாய். சரி, மோசமில்லை.

இப்போது 100-லிருந்து 120-க்குப் போவோம். இரண்டரை மணி நேரம், 18.75 லிட்டர். மிச்சம் 30 நிமிடம்தான், ஆனால் செலவு 345 ரூபாய் ஏறுகிறது. ஒரு மணி நேரத்தின் விலை 690 ரூபாய். முதல் இருபது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேகம் ஏற ஏற மிச்சமாகும் நேரம் சுருங்குகிறது, எரியும் டீசல் பெருகுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால்தான் 120 இவ்வளவு சீக்கிரம் கட்டுப்படியாகாமல் போகிறது.

காரணம் காற்று. டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. 80-ல் இருப்பதைப் போல 100-ல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல், 120-ல் இரண்டேகால் மடங்கு. அந்த எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் இன்னும் செங்குத்தாக ஏறும்: வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு.

"அப்படியானால் 100-ல் மைலேஜ் இன்னும் மோசமாக அல்லவா விழ வேண்டும்?" என்று கேட்கலாம். விழாததற்கு இன்ஜின்தான் காரணம். லேசான சுமையில் எந்த இன்ஜினும் கொஞ்சம் சோம்பேறி. உள்ளே இருக்கும் உராய்வுக்கே டீசலில் ஒரு பங்கு போய்விடும். சுமை கூடினால் அந்த நஷ்டத்தின் பங்கு குறையும். டர்போ கட்சி சொல்வதில் உள்ள உண்மை இதுதான். இந்த மல்டிஜெட்டில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழிக்க நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி வர வேண்டும், முழு டார்க்கும் அங்கேதான். டாப் கியரில் 90, 100 என்று போகும்போது இன்ஜின் தனக்குப் பிடித்த இடத்தில் இருக்கிறது. அதற்காக 100-ல் 80-ஐ விட அதிக மைலேஜ் வந்துவிடாது. வரும் அடியின் வலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பெட்ரோல் காரோடு ஒரு வித்தியாசம் உண்டு. பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழியிலுள்ள மூடியான த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது காற்றை உறிஞ்சவே சக்தி வீணாகும். வேகம் கூட்டினால் அந்த வீண் குறைந்து, காற்று எடுத்துக்கொள்வதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். பழைய டீசலில் பெரும்பாலும் அந்த மூடியே கிடையாது. லேசான சுமையிலும் அது சிக்கனமாகவே ஓடுகிறது. எனவே வேகத்தைக் கூட்டும்போது ஈடுகட்ட அவ்வளவாக ஒன்றும் இல்லை, காற்றின் பில் நேரடியாக நம் கைக்கு வருகிறது. "டீசல் வண்டிதானே, மிதிக்கலாம்" என்று நினைப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி.

இண்டிகாவின் கதை வேறு. 1998 கடைசியில் வந்த கார், 1.4 லிட்டர் இன்ஜின், ஆரம்ப மாடல்களில் டர்போ கிடையாது, ஐம்பது சொச்சம் குதிரைத்திறன். டீசலை நேராக சிலிண்டரில் பீய்ச்சாமல் பக்கத்தில் ஒரு சிறு அறையில் எரிய விட்டு அங்கிருந்து தள்ளும் பழைய முறை. அந்த அறையின் சுவர் வழியாகவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். கால் டாக்ஸி காலத்தில் இந்த வண்டி நல்ல பெயர் எடுத்ததெல்லாம் ஊருக்குள்ளும் 70–80 வேகத்திலும்தான். 80-ல் 19 கொடுக்கும் வண்டி 100-ல் 15-க்கு வந்துவிடும். அதே 300 கி.மீ.க்கு நாலு லிட்டருக்கும் மேல் கூடுதல். மிச்சமாகும் மணிக்கு 500 ரூபாயைத் தாண்டுகிறது, இவ்வளவு சின்னக் காருக்கு! 100-ல் இன்ஜின் கத்தும் கத்தலே விஷயத்தைச் சொல்லிவிடும். இதில் 120 பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னோவா நேர் எதிர். 2005-ல் வந்த 2.5 லிட்டர் டி-4டி டீசல் இன்ஜின், 102 குதிரைத்திறன். 120-லும் இன்ஜின் சலிக்காது, உள்ளே இருப்பவர்களுக்கு வேகமே தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒன்றே முக்கால் மீட்டர் உயரம், ஏறக்குறைய அதே அகலம்: காற்றுக்கு எதிரே ஒரு பீரோவைத் தள்ளிக்கொண்டு போவதற்குச் சமம். 80-ல் 14 என்றால் 100-ல் பதினொன்றரை, 120-ல் 9. 80-லிருந்து 100-க்குப் போக மணிக்கு 570 ரூபாய், 100-லிருந்து 120-க்குப் போக 1,300 ரூபாயைத் தாண்டுகிறது. மேலே கேரியர் மாட்டி தார்பாய் போர்த்திய மூட்டைகளும் இருந்தால் இன்னும் மோசம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு பேர் போகும் வண்டியில் அந்த 570-ஐத் தலைக்குப் பிரித்தால் எண்பது ரூபாய் சொச்சம்தான். ஆள் நிறைந்த இன்னோவாவை 100-ல் ஓட்டுவதில் தப்பே இல்லை. ஏர்போர்ட்டில் ஒருவரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டிரைவர் 110-ல் வருவதுதான் கணக்குக்கு ஒத்துவராதது.

இதுவரை பார்த்ததெல்லாம் சீரான வேகத்தின் கணக்கு. உண்மையான சாலை 120-க்கு இன்னும் கருணையில்லாதது. இந்தத் தடத்தில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வருகின்றன. நடுவில் குறுக்கே வரும் டூவீலர், வலது தடத்தை விடாத லாரி, மேம்பால வேலைக்காகத் திருப்பிவிட்ட சர்வீஸ் ரோடு. ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டு மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். ஆள் ஏறிய ஸ்விஃப்ட் சுமார் 1,300 கிலோ இருக்கும். நின்ற இடத்திலிருந்து 120-ஐத் தொட, அந்த வேகத்தைச் சேர்ப்பதற்கு மட்டும் 60–70 மில்லி டீசல் ஆகும். 80-க்கு 30 மில்லி போதும். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லைதான், ஆனால் 120-ல் போகிறவர்தான் அடிக்கடி பிரேக்கும் போடுகிறவர். அத்தனை செய்தும் அவருடைய சராசரி 120-ஐ நெருங்காது. விக்கிரவாண்டி டோல் வரிசையில் அவருக்கு இரண்டு வண்டி பின்னால், 95-ல் வந்தவர் நின்றுகொண்டிருப்பார். தவிர, 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பே நான்குவழிச் சாலையில் காருக்கு 100 தான். 120 என்பது விரைவுச்சாலைக்கு.

இந்த மூன்றுக்கும் நடுவே யாரும் பேசாத ஒரு போட்டியாளர் இருக்கிறது: 90. ஸ்விஃப்டில் 90-ல் 22 கிடைக்கும் என்று கொண்டால், 80-ஐ விட 25 நிமிடம் முன்னால் போகலாம், செலவு நூறு ரூபாயை ஒட்டித்தான் கூடும். மணிக்கு 250. அதற்கு மேல் 100-க்குப் போனால் இன்னொரு 20 நிமிடம், மணிக்கு 375. எனக்குப் பிடித்தது 90–95. பஸ், லாரிக் கூட்டத்தின் வேகத்துக்குச் சற்று மேலே இருப்பதால் பின்னாலிருந்து யாரும் ஹெட்லைட் அடிப்பதில்லை, ஓவர்டேக் செய்ய கியர் குறைக்கவும் தேவையில்லை. இண்டிகாவுக்கு 80. இன்னோவாவுக்கு ஆள் இருந்தால் 100, இல்லாவிட்டால் 85.

ஒரு விதிவிலக்கு, காற்றடிக்கும் பருவம். ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் மோதும். முப்பந்தல் காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசினால், 80-ல் போகும் கார் உணரும் காற்று 110-க்கானது. எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அன்றைக்கு 80-ல் போயும் மைலேஜ் விழுந்தால் மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

ஏசி பற்றிய சண்டைக்கு இரண்டே வரி. 80-க்கு மேல் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்து மிச்சம் பிடிக்கும் டீசல் அந்தச் சத்தத்துக்கும் தூசிக்கும் கட்டுப்படியாகாது.

உங்கள் வண்டியில் இதைச் சோதிப்பது எளிது. டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி, ஒரே சாலையில் ஒருநாள் 80, இன்னொரு நாள் 100 என்று ஓட்டிப் பாருங்கள். திரும்ப நிரப்பும்போது அதே பங்க், முடிந்தால் அதே பம்ப். டீசல் நுரைக்கும் என்பதால் நாசில் முன்கூட்டியே கட் ஆகிவிடும். நுரை அடங்க ஒரு நிமிடம் விட்டு, இரண்டாவது கட் வரை ஊற்றச் சொல்லுங்கள். பங்க் பையன் முறைப்பான், பரவாயில்லை. ஸ்பீடோமீட்டர் பொதுவாக நாலைந்து கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டும், போனில் ஜிபிஎஸ் வேகத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

100-ல் டீசல் செலவு 80-ஐ விட ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை கூடினால் அது காற்றின் கணக்கு. டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வேகத்திலுமே மைலேஜ் முன்பிருந்ததை விட மூணு நாலு குறைந்திருந்தால் வேகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அப்புறம், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்திய கையோடு நாலு வீலின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். பழைய வண்டிகளில் ஒரு வீல் மட்டும் தனியாகக் கொதிக்கும். பிரேக் பேடை அழுத்தும் காலிபர் பிஸ்டன் துருப்பிடித்து, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்து, ஏர் ஃபில்டரையும் மாற்றிய பிறகும் தேறவில்லை என்றால்தான் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த பில், 120-ல் போவதை விடச் செலவானது.