பேணிக்குத் தடிமன்: இலவச எழுத்துப்பட்டறையோடு இரண்டு வருடம்

கொக்குவிலில் இருக்கும் மச்சாள் நேற்று இரவு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "பொடியனுக்கு ஸ்கொலர்ஷிப் முடிஞ்சுது. உங்கட பிள்ளை போற அந்தக் கதை எழுதுற வகுப்புக்கு இவனையும் விடலாமோ? காசில்லைத்தானே?"

காசில்லை, உண்மைதான். ஆனால் அவள் கேட்ட நேரம் சரியில்லை. அன்று பின்னேரம்தான் பட்டறையின் வருட மலர் என் கைக்கு வந்திருந்தது. எனக்கு இன்னும் சூடு ஆறவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மகள் இரண்டு வருடமாகப் போகிறாள். சனிக்கிழமைகளில் மூன்று மணி தொடக்கம் ஐந்து மணி வரை, ஒரு சனசமூக நிலையத்து விறாந்தையில். பெயர் சொல்ல மாட்டேன். நடத்துபவர்கள் நல்ல மனிதர்கள், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும்.

முதல் நாளே ஒரு கட்டளை: "அழிறப்பரை வீட்டிலை வைச்சிட்டு வாங்கோ." பிழைத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே எழுத வேண்டும், அவ்வளவுதான். என் மகள் ஒரு வரியை நாலு தரம் அழிக்கிற பிள்ளை. கொப்பியில் தாள் தேய்ந்து மறுபக்கம் தெரியும். புலமைப்பரிசிலுக்குப் படித்த பழக்கம் அது. முதல் இரண்டு கிழமையும் அழுகை. மூன்றாம் கிழமை ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள், பாதிக்குப் பாதி வெட்டுக்கோடு. நான் அந்தத் தாளை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

நடத்துகிற முறையும் எனக்குப் பிடித்தது. கதையின் தொடக்கத்தைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டுச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு அக்கா அதை வெண்பலகையில் எழுதுவா. கதை ஒரு சிக்கலுக்கு வந்ததும் பேனையை மூடிவிடுவா. மிச்சம் அவரவர் பாடு. டப்ளினில் எழுத்தாளர் ரொடி டோய்லும் ஷோன் லவ்வும் 2009இல் தொடங்கிய ஃபைட்டிங் வேர்ட்ஸ் நிலையத்திலும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் இலவசமாக நடக்கிறது என்று அந்த அக்காதான் சொன்னா. அவர்களுக்கு முன்மாதிரி, 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் திறந்த 826 வலென்சியா. அந்தக் கட்டடத்தில் கடைதான் நடத்தலாம் என்று நகரச் சட்டம் இருந்ததாம். அதனால் முன்பக்கத்தில் கடற்கொள்ளையருக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றைப் போட்டுவிட்டு, பின்னால் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கினார்கள். எங்களுக்கு முன்பக்கத்தில் கரம் விளையாடும் அண்ணாமார். சுண்டுகிற சத்தம் கேட்டபடிதான் எங்கள் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு வட்டம். மகன் மூன்று தரம் போனான். பிறகு ஓ-லெவல், ரியூசன் என்று நின்றுவிட்டான். இப்போது தங்கச்சியைக் கூட்டிப் போகிற சாட்டில் போய், மதிலோரம் சைக்கிளில் இருந்து ஏதோ எழுதுகிறான். நான் கேட்பதில்லை.

சரி, மலருக்கு வருகிறேன்.

இந்த முறை சேர்ந்து சொன்ன தொடக்கம் இது: ஒரு காகம் எதையோ கவ்விக்கொண்டு வந்து ஒரு வீட்டுக் கூரையில் இருக்கிறது, கீழே ஒருவர் தேத்தண்ணி குடிக்கப் போகிறார். என் மகள் எழுதிய மிச்சம்: காகம் கொண்டுவந்தது வேப்பங்கொட்டை. அது அம்மம்மாவின் மூக்குப்பேணிக்குள், அதாவது அண்ணாந்து வார்த்துக் குடிக்க மூக்கு வைத்த பேணிக்குள், விழுந்து மூக்கை அடைத்துவிடுகிறது. அம்மம்மா அண்ணாந்து வாயைத் திறந்தபடி இருக்கிறா, ஒரு சொட்டும் வரவில்லை. பேணியைத் தட்டுகிறா, குலுக்குகிறா, உள்ளே எட்டிப் பார்க்கிறா. கடைசியில், "பிள்ளை, பேணிக்குத் தடிமன் பிடிச்சிட்டுது, கொத்தமல்லி அவி" என்கிறா.

விறாந்தையில் இதை வாசித்தபோது கரம் விளையாடியவர்களும் சிரித்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடமிருந்து இல்லை.

மலரில் வந்தது இது: "பாட்டி குவளையில் தேநீர் அருந்த முயன்றார். குவளைக்குச் சளி பிடித்துவிட்டது என்று கூறினார்."

குவளைக்கு ஏது மூக்கு? மூக்கில்லாத பாத்திரத்துக்கு எப்படிச் சளி பிடிக்கும்? போதாததற்குக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறது: "ஆகவே பிறர் பொருளை நாம் எடுக்கக் கூடாது." கதையில் யாரும் எதையும் எடுக்கவில்லை. காகம் கொட்டையைப் போட்டது, அவ்வளவுதான்.

தொகுத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெயிலில் சைக்கிளில் வருவார். அச்சுச் செலவில் ஒரு பகுதி அவருடைய பென்சனில் இருந்து போகிறது என்று கேள்வி. அதனால்தான் வாயைத் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது. காசு கட்டியிருந்தால் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். அவர் பக்கத்திலும் ஞாயம் உண்டு: தமிழ்த்தினப் போட்டிக் கட்டுரையில் இதே பிள்ளை "குடிச்சா" என்று எழுதினால் கோட்ட மட்டம் தாண்டுவது கஷ்டம். சரி, "குடிச்சா"வை "குடித்தார்" ஆக்கட்டும். ஆனால் மூக்குப்பேணி பேச்சுவழக்கு இல்லையே, அந்தச் சாமானின் பெயரே அதுதான். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பாட்டி என்று கூப்பிட்டதும் இல்லை.

இந்தச் சண்டை அறுபதுகளிலேயே மரபுப் போராட்டம் என்ற பெயரில் எங்கள் எழுத்தாளர்களுக்கும் பண்டிதர்களுக்கும் இடையில் நடந்து முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கதைக்குள் பேச்சுத்தமிழ் வந்ததை "இழிசனர் வழக்கு" என்றார்கள் அன்றைக்கு. முடிதிருத்தும் கடையில் இருந்துகொண்டே எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை சஞ்சிகையின் பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடக்கின்றன. சேருக்கு அதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் மல்லிகை வாசித்து வளர்ந்த ஆள்.

துணிந்து ஒருநாள் கேட்டேன்: "சேர், அச்சுக்குப் போக முதல் பிள்ளையளிட்டை ஒருக்காக் காட்டலாமே?" அவர் சிரித்தார். "பாப்பம் பிள்ளை." எனக்கு நாற்பத்திரண்டு வயது.

கிழமைக்கு இரண்டு மணி நேரம் அழிறப்பரைப் பறித்து வைக்கிறார்கள். வருடக் கடைசியில் ஒரு பெரியவர் தன்னுடைய அழிறப்பரோடு வந்து இருக்கிறார். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மகளுக்கு என்னளவு கோபம் இல்லை. பெயர் அச்சில் வந்த சந்தோசத்தில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு தரம் பார்த்தா. "ஆர் இந்தப் பாட்டி? எனக்கு ஆர் குவளையிலை தேத்தண்ணி தந்தது?" மகள் பென்சிலை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் வெட்டி, மேலே சரியானதை எழுதிக் கொடுத்தாள். இப்போது அந்தப் பிரதி அம்மாவின் தலையணைக்குக் கீழே.

மச்சாள், கேட்டதற்குப் பதில்: இந்த வருடம் பொடியனை அனுப்பாதே. அவன் வாய்க்கொழுப்பு எல்லாவற்றையும் அச்சில் கழுவித்தான் தருவார்கள், பிறகு நீ என்னோடு சண்டைக்கு வருவாய். சேருகிற படிவம் என்னிடம் ஒன்று மேலதிகமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முதல் வந்து எடு.