பாதையில் ஒரு இடைவெளி, திறக்க மறுக்கும் மென்பொருள்: எந்தத் தீர்வு எங்கே எடுபடும்?

ஐகானை இரண்டு முறை தட்டுகிறீர்கள், எதுவும் நடக்கவில்லை. அதையே கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) ஓட்டினால், 'சி:\புரோகிராம்' என்ற பெயரில் கட்டளையே இல்லை என்கிறது. ஜாவா செயலியாக இருந்தால் 'ஃபைல்ஸ்\' என்று தொடங்கும் மெயின் கிளாஸைக் காணோம் என்று புலம்பும். முதல் செய்தியில் இருப்பது 'சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\' என்று தொடங்கும் பாதையின் (கோப்பு இருக்கும் முகவரியின்) தலை, இரண்டாவதில் இருப்பது வால். பிழைச் செய்தியில் பாதை எந்த இடத்தில் துண்டாகியிருக்கிறது என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

கோப்பு முறைமைக்கு இதில் எந்தக் குற்றமும் இல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டுக்கும் இடைவெளி என்பது இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். கட்டளை வரியைத் துண்டுகளாகப் பிரிக்கும் நிரல்தான் இடைவெளியைக் கண்டதும் வெட்டிவிடுகிறது. விண்டோஸிடம் மேற்கோள்குறி இல்லாத பாதையை மட்டும் கொடுத்து நிரலைத் தொடங்கச் சொன்னால், அது இடமிருந்து ஒவ்வோர் இடைவெளியிலும் நிறுத்தி யூகிக்கும்: முதலில் 'சி:\புரோகிராம்.இஎக்ஸ்இ', அது இல்லையென்றால் அடுத்த இடைவெளி வரை. பெரும்பாலும் இந்த யூகம் பலித்துவிடுவதால் தவறு பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை. சி டிரைவின் வேரில் 'புரோகிராம்' என்ற பெயரில் யாராவது ஒரு கோப்பை விட்டுவைத்தால் அன்றைக்கு உடையும்.

இரட்டை மேற்கோள்குறி

நிரலைத் தொடங்கும் கட்டளை வரி உங்கள் கையில் இருந்தால், முதலில் முழுப் பாதையையும் " " குறிகளுக்குள் இடுங்கள். ஷார்ட்கட்டின் டார்கெட் பெட்டி, பேட்ச் கோப்பு (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு), விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் சர்வீஸுக்கான (பின்னணியில் ஓடும் நிரலுக்கான) இமேஜ்பாத் மதிப்பு, லினக்ஸ் ஷெல் ஸ்கிரிப்ட் என எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் 'மேற்கோள் போட்டேன், இன்னும் ஓடவில்லை' என்பவர்கள் கிட்டத்தட்ட எப்போதும் கீழ்க்கண்ட பொறிகளில் ஒன்றில்தான் சிக்கியிருப்பார்கள்.

பேட்ச் கோப்பில் 'ஸ்டார்ட்' கட்டளை, முதலில் வரும் மேற்கோளைச் சாளரத்தின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அதனால் வெறும் "" ஒன்றை முன்னால் வைத்து, அதன்பின் பாதையைத் தர வேண்டும். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் மேற்கோளுக்குள் இருக்கும் பாதை வெறும் சரம் (எழுத்துத் தொடர்); முன்னால் & போட்டால்தான் அது ஓடும். ஃபோல்டர் பாதையை \ என்ற குறியில் முடித்து உடனே மேற்கோளை மூடினால், \" என்ற சேர்க்கையைப் பல நிரல்கள் மேற்கோள்குறியே உள்ளே வருவதாகப் படிக்கும், அடுத்து வரும் ஆர்க்யுமென்ட்டுகளும் (நிரலுக்குத் தரும் விவரங்களும்) அதோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி \ குறியை நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று, ஜாவா ஹோம் (ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்வது) போன்ற, நிரல்கள் படித்துக்கொள்ளும் சூழல் மாறியின் மதிப்புக்குள்ளேயே மேற்கோள்களை எழுதி வைப்பது. அதைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் தன் பங்குக்கு ஒரு ஜோடி சேர்க்கும். இரண்டும் மோதி, நடுவில் உள்ள பாதை மறுபடி வெறுமையாக நிற்கும். 32 பிட் செயலிகளுக்கான புரோகிராம் ஃபைல்ஸ் பெயரில் அடைப்புக்குறியும் உண்டு. பேட்ச் கோப்பின் 'இஃப்' தொகுதிக்குள் அந்தப் பாதை மேற்கோள் இல்லாமல் வந்தால், அந்த ) குறியிலேயே தொகுதி மூடிக்கொள்ளும். அப்போது வரும் பிழைச் செய்தியில் இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

மேற்கோளே செல்லாத இடமும் உண்டு. லினக்ஸ் ஸ்கிரிப்டை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியான ஷெபாங்கைப் படிப்பது இயங்குதளத்தின் கருவான கெர்னல். அதற்கு மேற்கோள் புரியாது, முதல் இடைவெளியில் வெட்டிவிடும். 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஷெபாங்கில் 'ஈஎன்வி' வழியாக நிரலின் பெயரை மட்டும் எழுதுவது நல்ல மாற்று: அது நிரலைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான பாத்தை முக்காற்புள்ளிதான் பிரிக்கிறது, இடைவெளி அங்கே தொல்லை தராது.

8.3 குறும்பெயர்

நீண்ட பெயருக்கு விண்டோஸ் தானே சூட்டும், இடைவெளியில்லாத குட்டிப் பெயர் இது. பெருந்தரவு மென்பொருளான ஹடூப்பை விண்டோஸில் ஓட்டுபவர்கள் ஜாவா ஹோமுக்கு 'புரோக்ரா~1' என்று கொடுப்பது இந்த வகை. 'டிர் /எக்ஸ்' கட்டளை குறும்பெயர்களைக் காட்டும். நிமிடத்தில் வேலை முடியும், ஆனால் இது நம்பி வைத்துக்கொள்ளத் தக்கதல்ல. எண் எந்த வரிசையில் ஃபோல்டர்கள் உருவாயின என்பதைப் பொறுத்தது, இன்னொரு கணினியில் ~1 வேறொன்றாக இருக்கலாம். டிரைவில் குறும்பெயர் உருவாக்கம் அணைக்கப்பட்டிருந்தால் பெயரே இருக்காது. எக்ஸ்ஃபேட், ரீஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டிலும் இந்த வசதி கிடையாது. சொந்தக் கணினியில், ஒரே ஒரு மாறிக்கு என்றால் சரி. பிறருக்கு அனுப்பும் ஸ்கிரிப்டில் வேண்டாம்.

ஜங்ஷன், சிம்லிங்க்

'எம்கேலிங்க் /ஜே' கொடுத்து, இடைவெளியில்லாத ஒரு பெயர் உண்மையான ஃபோல்டரைச் சுட்டும்படி செய்யலாம்; இதுதான் ஜங்ஷன். புதுப் பெயர் முதலில், மூலப் பாதை (மேற்கோளுக்குள்) அடுத்து. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் சிம்லிங்க்கை உருவாக்கும் 'எல்என் -எஸ்' இதற்கு நேர்மாறான வரிசை, குழம்பாதவர் குறைவு. ஜங்ஷனுக்கு நிர்வாகி உரிமை தேவையில்லை, மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கும், நிறுவிய மென்பொருளைத் தொட வேண்டியதும் இல்லை. ஸ்கிரிப்டைத் திருத்த முடியாத நிலையில் என் முதல் தேர்வு இதுதான்.

ஒரு குறை: தொடங்கியதும் தன் உண்மையான இருப்பிடத்தைத் தேடிப் பிடிக்கும் நிரல்கள் ஜங்ஷனைத் தாண்டிப் பழைய பாதைக்கே போய்விடும், இடைவெளி பின்வாசல் வழியாகத் திரும்பும். நீக்கும்போது 'ஆர்எம்டிர்' மட்டும் கொடுங்கள். 'டெல்' கொடுத்தால் உள்ளே இருக்கும் அசல் கோப்புகள் போகும்.

'சப்ஸ்ட்' கொண்டு ஒரு டிரைவ் எழுத்தை ஒட்டுவது இதன் ஏழை உறவினர். லாக்அவுட் செய்தால் மறையும். நிர்வாகியாக ஓட்டும் நிரல் கண்ணுக்கும் பொதுவாகத் தெரியாது. ஐந்து நிமிடச் சோதனைக்கு மட்டும்.

இடைவெளியில்லாத இடத்தில் மறுபடி நிறுவுதல்

பாதை பல கைகள் மாறும்போது, உதாரணமாக மேக் (நிரலைக் கட்டும் கருவி), கம்பைலர், ஸ்கிரிப்ட், இன்னொரு ஸ்கிரிப்ட் என்று போகும்போது, ஒவ்வொரு கையிலும் மேற்கோள் போட முடியாது. குனு மேக் இலக்குப் பெயர்களை இடைவெளியில்தான் பிரிக்கிறது. ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கத்துக்கான என்டிகே கருவிகளும் இடைவெளியுள்ள பாதையில் தடுமாறும். இங்கே மறுநிறுவலே வழி. ஃபோல்டரை இழுத்து வேறிடத்தில் போட்டால் ரெஜிஸ்ட்ரியில் பழைய பாதையே நிற்கும். முறையாக நீக்கிவிட்டு நிறுவுங்கள்.

பாதுகாப்பையும் பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனர் எழுத முடியாது. சி டிரைவின் வேரில் நீங்கள் உருவாக்கும் ஃபோல்டரில் இயல்பு நிலையில் எழுதலாம். உயர் உரிமையில் ஓடும் சர்வீஸை அங்கே வைத்தால் யாரும் அதன் கோப்பை மாற்றிவிட முடியும். சர்வீஸ் என்றால் இருந்த இடத்திலேயே விட்டு, இமேஜ்பாத்துக்கு மேற்கோள் போடுவதே மேல்.

பயனர் பெயரிலேயே இடைவெளி இருப்பவர்களின் பாடுதான் திண்டாட்டம். அமைப்புகளில் காட்சிப் பெயரை மாற்றினால் பயனர் ஃபோல்டர் மாறாது. நிரல்கள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் டெம்ப் ஃபோல்டரும் அதற்குள்தான் இருக்கிறது. டெம்ப், டிஎம்பி என்ற இரு மாறிகளையும் 'சி:\டெம்ப்' போன்ற இடத்துக்கு மாற்றி, திறந்திருக்கும் டெர்மினலை மூடிப் புதிதாகத் திறந்து ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாத கருவிக்கு, இடைவெளியில்லாத பெயரில் புதுக் கணக்கு தொடங்குவதுதான் மிச்சம்.