போனா, பிரதேச செயலகமா, நடமாடும் சேவையா: வன்னியில் எந்த வழியில் அலுவல் முடியும்?

வன்னியில் அநேகமான வீடுகளில் ஒரு பை இருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, காணி பேர்மிட், மீள்குடியேறியபோது தந்த கடிதம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் கிடக்கும். 2009இல் போர் முடிந்தபோது அந்தப் பையையாவது கொண்டுவந்து சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். அதையும் இழந்து, உடுத்த உடுப்போடு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டு, சனம் ஊர் திரும்பி இவ்வளவு காலமாகிவிட்டது. இன்றும் அதே பையைத் தூக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறோம். ஒரு கந்தோரில் ஏற்கெனவே இருக்கும் தகவலை அடுத்த கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் எங்கள் வேலையாகத்தான் இருக்கிறது.

அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, அவர்களோடு சேர்ந்து அலைந்து பழகியவள் நான். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருக்கும் ஒருவருக்கு அரச அலுவல் பார்க்க இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. போனில் இணையத்தில் செய்யலாம், பிரதேச செயலகத்துக்குப் போகலாம், பிரதேச சபைக்குப் போகலாம், இல்லையென்றால் திணைக்களங்கள் ஊருக்கே வந்து ஒரு நாள் நடத்தும் நடமாடும் சேவை வரும்வரை காத்திருக்கலாம். எது எதற்கு உதவும், எது எங்கே கைவிடும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எது யாரிடம் இருக்கிறது?

இதை முதலில் விளங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவை மத்திய அரசின் திணைக்களங்களுக்குரியவை. வாகன வருமான அனுமதிப் பத்திரம் மாகாணத்துக்குரியது. கட்டட அனுமதி, வியாபார அனுமதி, சோலைவரி எல்லாம் பிரதேச சபையின் வேலை. காணி பேர்மிட் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் ஊடாக வருகிறது. அந்தக் காணி காட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் வனவளத் திணைக்களமும் சேர்ந்துகொள்ளும்.

எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் 4 பிரதேச செயலகங்கள், ஆனால் 3 பிரதேச சபைகள். கண்டாவளைக்குத் தனிச் செயலகம் உண்டு, தனிச் சபை இல்லை. சபை அலுவலுக்குக் கரைச்சிக்குத்தான் போகவேண்டும். முல்லைத்தீவில் 6 செயலகங்களும் 4 சபைகளும் இருக்கின்றன. ஒட்டுசுட்டானிலும் இதே கதைதான். வயதான ஒரு ஆளிடம் 'உங்கட பிரதேசம் எது?' என்று கேட்டால், செயலகத்தைச் சொல்வதா சபையைச் சொல்வதா என்று அவர் தடுமாறுவதில் ஆச்சரியமே இல்லை.

போன் வழி

இருக்கும் இடத்திலிருந்தே முடிக்கலாம் என்பது இதன் பெரிய பலம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒரு கையெழுத்துக்காக அந்தத் தூரம் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்தால் எந்த அலுவலுக்கு என்ன கடிதம் வேண்டும் என்று தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெறுங்கையோடு போய்த் திரும்பி வராமல் இருக்க இந்த ஒரு அழைப்பே போதும். 2025 பெப்ரவரியில் கவ்பே (GovPay) என்ற இணையக் கொடுப்பனவு முறை வந்தபின் அரச நிறுவனங்களுக்கான சில கொடுப்பனவுகளைப் போனிலேயே செலுத்த முடிகிறது.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த சேவை வாகன வருமான அனுமதிப் பத்திரம்தான். வரி மாகாணத்துக்குப் போகிறது. கணினி அமைப்பைச் செய்தது மத்திய அரசின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகமான ஐசிடிஏ. காப்புறுதி இருக்கிறதா, புகைப் பரிசோதனை செய்தாயிற்றா என்பதெல்லாம் கணினிக்குள்ளேயே சரிபார்க்கப்படுகிறது. இணையம் வேண்டாம் என்பவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் கவுண்டரும் இருக்கிறது. மத்தி, மாகாணம், பிரதேசம் மூன்றும் கைகோர்த்த வேலை இது. 'அதிகாரப் பிரச்சினை இருக்கிறது, சேர்ந்து செய்ய முடியாது' என்று யாராவது சொன்னால், மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் செருகியிருக்கும் அந்தப் பத்திரத்தைத்தான் நான் காட்டுவேன்.

சரி, இந்த வழி எங்கே கைவிடுகிறது? பெயரில்தான். போர்க்காலத்தில் முகாமிலும் அதற்கு முன்னும் பின்னும் எங்கள் பெயர்களை யார் யாரோ எப்படி எப்படியோ ஆங்கிலத்தில் எழுதினார்கள். பிறப்பத்தாட்சியில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதம். கணினிக்கு 'பொருந்துகிறது, பொருந்தவில்லை' என்ற இரண்டும்தான் தெரியும். எதிரே ஒரு உத்தியோகத்தர் இருந்தால், 'இது தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதினது, அது சேர்க்காமல் எழுதினது' என்று விளங்கப்படுத்த முடியும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. போன் வழி என்று சொன்னாலும், வன்னியில் அது பெரும்பாலும் சந்தியிலிருக்கும் கொமியூனிகேஷன் கடை வழிதான். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவரின் விண்ணப்பங்களைப் பார்க்க உதவியபோது, அவருடைய பெயரில் திறந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கடைக்காரத் தம்பியின் கொப்பியில்தான் இருந்தன. அந்தத் தம்பி நல்ல பிள்ளை, தன் நேரத்தைச் செலவழித்துத்தான் செய்துகொடுத்தார். ஆனால் ஒரு மனிசியின் அரச விவரமெல்லாம் கடைக் கொப்பியில் இருப்பதை என்னால் சாதாரணமாக எடுக்க முடியவில்லை. ஊர்கள் தோறும் நெனசல என்ற அரச கணினி நிலையங்களைத் திறந்தபோது இந்த இடைவெளியை நிரப்பத்தான் நினைத்தார்கள். அந்த எண்ணம் இன்றும் சரியானதுதான். அங்கே கொம்பியூட்டரோடு சேர்த்து, பொறுப்புச் சொல்லக்கூடிய, சம்பளம் வாங்கும் ஒரு ஆளும் இருக்கவேண்டும்.

பிரதேச செயலக வழி

1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்த பல வேலைகள் பிரதேச செயலாளரிடம் வந்தன. வன்னி மாதிரிப் பரந்த நிலத்துக்கு அது பெரிய உதவி. பிறப்பத்தாட்சிப் பிரதியைப் பாருங்கள்: 1960க்குப் பிறகு பதிவானதென்றால், கணினியில் ஏற்றப்பட்ட பதிவிலிருந்து நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். முல்லைத்தீவில் பிறந்து வவுனியாவில் வாழ்பவர் முல்லைத்தீவுக்குப் போகவேண்டியதில்லை. பத்திரங்களைத் தொலைத்த எங்கள் சனத்துக்கு இதைவிடப் பெரிய சேவை ஒன்றைக் கணினி செய்ததாக நான் நினைக்கவில்லை.

கடவுச்சீட்டிலும் இதே யோசனையைப் பார்த்தோம். 2023 ஜூனில், இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தெரிவுசெய்யப்பட்ட 50 அளவான பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கும் முறை வந்தது. அச்சிடுவது தலைமையகத்தில், சனம் போவது கிட்டவுள்ள கவுண்டருக்கு. யந்திரம் தூரத்தில் இருக்கலாம், முகம் பார்த்துப் பேசும் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். எனக்குச் சரியாகப் படும் அமைப்பு இதுதான்.

குறை என்னவென்றால், செயலகத்துக்குள்ளேயே ஒரு கிளைக்கும் மற்றக் கிளைக்கும் தொடர்பில்லை. ஒருமுறை ஒரு ஐயாவோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். காணிக்கிளையில் அவருடைய ஃபைல் மேசையில் கிடந்தது. அதே கட்டடத்தில் இன்னொரு கிளை, 'வதிவை உறுதிப்படுத்திக் கிராம அலுவலரின் கடிதம் கொண்டுவாங்கோ' என்றது. கிராம அலுவலர் அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த நாள் கடிதத்தோடு போனால், 'நெற் இல்லை ஐயா, திங்கட்கிழமை வாங்கோ' என்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பிழை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் அந்த ஐயா 3 நாள் வயலுக்குப் போகவில்லை. அவர் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார் என்பது, பக்கத்து அறையில் இருந்த ஃபைலில் எழுதியிருந்தது.

பிரதேச சபை வழி

இதில் சொல்ல அதிகம் இல்லை. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் சபைதான் எங்களுக்கு மிகக் கிட்டவுள்ள அரசாங்கம். ஆனால் வருமானம் குறைந்த வன்னிச் சபை ஒன்று தனியாக மென்பொருள் செய்து, ஆள் வைத்துப் பராமரிக்க முடியாது. ஒவ்வொரு சபையும் தனித்தனியே முயல்வது காசைக் கரைப்பதுதான். உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம் என்பதால் இதைக் கோர்த்துக் கொடுக்கவேண்டியது வடக்கு மாகாண சபை. அந்தச் சபையோ 2013 செப்ரெம்பரில் முதன்முதலாகத் தெரிவாகி, 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தபின் தேர்தலே காணவில்லை. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல்வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்தன. நடுப்படி இல்லாத ஏணியில் ஏறச் சொன்னால் யார்தான் ஏறுவார்கள்?

ஒரு பொடியன் பேர்மிட் காணியில் சின்னக் கடை ஒன்று கட்ட நினைக்கிறான் என்று வையுங்கள். பேர்மிட்டும் சம்மதமும் செயலகத்தில். வரைபட அனுமதி சபையில். எல்லையில் பற்றை இருந்தால் வனவளத் திணைக்களத்தின் கடிதம். பிறகு மின்சார இணைப்பு. நான்கு இடத்திலும் அதே பேர்மிட்டின் ஃபோட்டோக்கொப்பியைத்தான் கேட்பார்கள். காட்டு எல்லை வரைபடமும் காணிக்கிளை வரைபடமும் ஒரே திரையில் தெரிந்தால், இவன் அலைவதற்கு முன்பே பிணக்கு வெளியே வந்துவிடும். போருக்குப் பிறகு இந்த இரண்டு எல்லைகளும் முட்டிக்கொண்டதால் எத்தனை குடும்பங்கள் உழுத நிலத்தில் மீண்டும் கால் வைக்க முடியாமல் நிற்கின்றன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நடமாடும் சேவை

பள்ளிக்கூட மண்டபத்தில் மேசைகள் வரிசையாகப் போட்டிருக்கும். ஆட்பதிவுத் திணைக்களம், பதிவாளர், காணிக்கிளை, கிராம அலுவலர், சமாதான நீதவான் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். ஒரு மேசையில் 'இது இல்லை' என்று சொன்னால் அடுத்த மேசைக்குப் போய் எடுத்து வரலாம். பிறப்புப் பதிவே கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழுக்கான வேலையை அங்கேயே தொடங்கலாம். ஒரு அக்காவின் பத்திரத்திலிருந்த பெயர் பிழையை ஒரு உத்தியோகத்தர் இன்னொருவரிடம் எழுந்துபோய்க் கேட்டுத் தீர்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு மாதமாக இழுபட்ட அலுவல் அன்று 40 நிமிடத்தில் முடிந்தது. அந்த அக்கா வெளியே வந்து வேப்பமரத்தடியில் இருந்து அழுதார். மகளின் ஓ.எல். பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்க அந்தப் பத்திரம்தான் தடையாக இருந்தது.

நான்கு வழிகளையும் வைத்துப் பார்க்கும்போது என் மனம் இதற்குத்தான் முதலிடம் தருகிறது. அரசாங்கத்தின் தட்டுகள் எல்லாம் ஒரு கூரையின் கீழ் இருக்கும் நாள் அது ஒன்றுதான். குறை, அது எப்போது வரும் என்று தெரியாது என்பதே. வந்தால் சனம் குவிந்துவிடும். உரைகளில் காலை போய்விடும். அன்று முடியாத ஃபைல் பெட்டிக்குள் போய், பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் மாதத்தில் ஒரு நாளை நிரந்தரமாகக் குறித்து, கணினியோடும் இணைப்போடும் வரட்டும். பிரதேச சபையும் அங்கே மேசை போடட்டும்.

அப்புறம் மிச்ச நாட்களுக்கு அந்த மண்டபத்தில் நடந்ததைக் கணினிக்குள் செய்யவேண்டும். எஸ்டோனியா 2001இலிருந்து எக்ஸ்-ரோட் என்ற இணைப்பின் மூலம் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருக்கும், மற்றவர் தேவைப்படும்போது கேட்டுப் பார்ப்பார், யார் பார்த்தார் என்பதும் பதிவாகும். எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் குவிக்கத் தேவையில்லை. மாகாணமும் தன் பதிவேட்டைக் கொழும்பிடம் தாரைவார்க்கத் தேவையில்லை.

யார் பார்த்தார் என்ற அந்தப் பதிவு எங்களுக்கு மிக முக்கியம். எத்தனையோ தடவை வரிசையில் நிறுத்திப் பதியப்பட்ட சனம் நாங்கள். டிஜிட்டல் அடையாள அட்டை, கைரேகை என்றவுடன் வயிற்றைக் கலக்குகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 'என் விவரத்தை யார், எதற்காகப் பார்த்தார்?' என்று ஒரு தாய் பிரதேச செயலகத்தில் கேட்டு, தமிழில் எழுத்தில் பதில் வாங்க முடியவேண்டும். அந்த வசதியையும் இணைப்போடு சேர்த்தே கொடுக்கவேண்டும்.

அதுவரைக்கும், வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். வாகன வரி என்றால் போனிலேயே செய்யுங்கள். பிறப்பத்தாட்சிப் பிரதிக்குக் கிட்டவுள்ள பிரதேச செயலகம், சொந்தப் பிரிவு என்று தேடவேண்டாம். கட்டட அனுமதிக்குப் போகுமுன் உங்கள் ஊர் எந்தச் சபைக்குள் வருகிறது என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இணையத்தில் விண்ணப்பிக்காதீர்கள். நடமாடும் சேவைக்கு மூலப்பிரதிகளோடும் ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபோட்டோக்கொப்பியோடும் விடியவே போங்கள். கொடுத்த எந்த விண்ணப்பத்துக்கும் இலக்கம் எழுதி வாங்காமல் மேசையை விட்டு எழும்பாதீர்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கடைக் கொப்பியில் இருந்தால், இன்றைக்கே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.