லண்டனின் இரண்டு ஆங்கிலிக்கன் சர்ச்சுகள்: எது ஊருக்கு நெருக்கம்?

டிரஃபால்கர் சதுக்கத்துப் பக்கம் செயின்ட் மார்ட்டின் சர்ச். 1726-இல் கட்டி முடித்தது. நிலவறைக்குப் படியிறங்கினால் உணவகம். பழைய கல்லறைக் கற்கள் பாவிய தரையில்தான் மேசை நாற்காலி. (முதலில் கால் கூசத்தான் செய்யும்!) முதல் உலகப் போர்க் காலத்தில் டிக் ஷெப்பர்ட் பாதிரியார் படைவீரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். இன்றும் வீடற்றவர்களுக்கு அது போக்கிடம்.

பிராம்ப்டன் ஹோலி டிரினிட்டி வேறு ரகம். கிதார், டிரம்ஸ், இளைஞர் கூட்டம். கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகப்படுத்த 1977-இல் அங்கே தொடங்கிய ஆல்ஃபா வகுப்பில் முதலில் சாப்பாடு, அப்புறம் ஒரு பேச்சு, பிறகு சிறு குழுவில் எந்தக் கேள்வியும் கேட்கலாம். ஆள் குறைந்த சர்ச்சுகளுக்குத் தங்கள் சபையாரையே அனுப்பி உயிரூட்டுகிறார்கள்.

கூட்டம் சேர்ப்பதில் பிராம்ப்டன் கெட்டி. ஆனால் ஜெபிக்க வராதவரும் மத்தியானக் கச்சேரிக்கோ ஒரு காபிக்கோ நுழையலாம் என்பதால் என் ஓட்டு மார்ட்டினுக்கே.